மாலகி வாசிக்காமல் விட்ட வரிகள்

பதினேழாம் மதகில் யாராவது மேற்றிராணியாருக்கு, அதாவது பிஷப்புக்கு, கடிதம் எழுத வேண்டுமென்றால் மாலகி டூயியின் கதவைத்தான் தட்ட வேண்டும். அவன் மதகுக்காரன். படகு வந்து கொம்பு ஊதினால் மதகைத் திறந்து, தண்ணீரை ஏற்றி இறக்கி, படகை அந்தப் பக்கம் அனுப்புவது அவன் வேலை. கடல் கடந்து வாபாஷ் ஆற்றோரமாகக் கால்வாய் வெட்ட வந்த அயர்லாந்துக்காரர்களில் முப்பது குடும்பம், வெட்டி முடிந்த பிறகு போகிற இடம் தெரியாமல் அந்த மதகைச் சுற்றியே தங்கிவிட்டது. முப்பது குடும்பத்துக்கும் வாய் உண்டு, வேண்டிய மட்டும் உண்டு. எழுத்து மட்டும் மாலகி ஒருவனுக்குத்தான்.

எங்களுக்குப் பூசை வைக்க ஒரு சாமியாரை அனுப்புங்கள் என்று முதல் கடிதம் எழுதியவன் அவன்தான். அனுப்பிய சாமியார் பேசுவது ஒரு மண்ணும் விளங்கவில்லை என்று இரண்டாவது கடிதம் எழுதியவனும் அவன்தான். விளங்காவிட்டாலும் பரவாயில்லை, மனுஷன் நல்லவர், தயவுசெய்து திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டாம் என்று அடுத்த வாரமே மூன்றாவதும் எழுதினான். இப்படி ஒன்பது வருஷம். மேற்றிராணியாரின் மேசையில் எங்கள் ஊர்க் காகிதம் ஒரு சாண் உயரம் இருந்திருக்கும்.

அவன் கடிதத்தில் ஒரு விசேஷம். அயர்லாந்தில் மேயோ நாட்டில் வேலிமறைவில் பள்ளிக்கூடம் வைத்திருந்த அவனுடைய வாத்தியார், "கேட்கிறதை முதல்ல கேட்காதேடா, உன் யோக்கியதையை முதல்ல சொல்லு" என்று அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆகவே யாருக்கு எழுதினாலும், எதற்கு எழுதினாலும், முதலில் ஒரு யோக்கியதைப் பத்தி வரும். கூரை ஒழுகுகிற கிழவிக்கு எழுதும்போது, இவள் வெள்ளிக்கிழமையன்று இறைச்சியை மோந்துகூடப் பார்க்காதவள் என்று எழுதுவான். பன்றி திருடிப் பிடிபட்டவனுக்கு எழுதும்போது, திருடியது உண்மைதான், ஆனால் தவக்காலத்தில் திருடவில்லை என்று எழுதுவான். எழுதியவன் நெற்றியில் அந்தப் பத்தியே ஒரு நாள் ஆணி அடிக்கும் என்று யார் கண்டது.

அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் இல்லை. தலையில் முடி போய்க்கொண்டிருந்தது, தைரியம் மட்டும் வந்தபாடில்லை. அவனுக்கு ஒரு சிநேகிதன் உண்டு, ஃபெஸ்டஸ் ஹெனகன் என்று பெயர். கரை உடைந்தால் அடைக்கிற கூட்டத்தில் வேலை. அவன் மனைவி சபீனா, இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள். மாலகிக்கு ஞாயிற்றுக்கிழமைச் சோறு அவர்கள் வீட்டில்தான். உருளைக்கிழங்கும் மோரும், இருந்தால் உப்புக்கண்டமும்.

அந்த வீட்டில்தான் விஷயம் ஆரம்பித்தது. ஓர் ஆகஸ்டு மாதம், கால்வாய்த் தண்ணீர் பச்சையாகி நாறிக்கொண்டிருந்தது. ஊரில் பாதிக்குக் குளிர்காய்ச்சல். பேறு பார்க்கிற பெண்கள் எல்லோரும் போர்வைக்குள் பல்லைக் கிட்டிக்கொண்டு கிடந்தார்கள். சபீனாவுக்கும் காய்ச்சல், அதோடு நாள் முந்திப் பிரசவ வலி. ஃபெஸ்டஸ் ஆறு மைல் தள்ளிக் கரையில் நின்றான். நடுப்பகலில் அவள் போட்ட கூச்சல் கேட்டு மாலகி ஓடினான். ஆண்பிள்ளை போகக்கூடாத இடம் என்று அவனுக்குத் தெரியும். வேறு ஆள் இல்லை.

அவன் போகும்போது பிள்ளை பிறந்து கிடந்தது. அவன் கையில் எடுத்தான். மூச்சு இல்லை. நீலம் பாய்ந்திருந்தது. நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தான், உதட்டில் கன்னத்தை வைத்துப் பார்த்தான், காலைப் பிடித்துத் தட்டிப் பார்த்தான். பிள்ளை செத்தே பிறந்திருந்தது. அதில் அவனுக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை, அன்றைக்கும் இல்லை, பிறகும் இல்லை.

"மாலகி, உசுரு இருக்கா?" என்று சபீனா கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

அவன் பிள்ளையைத் துணியில் சுற்றினான்.

"தண்ணி ஊத்து மாலகி. உனக்கு மந்திரம் தெரியுமே. என் தம்பி மாதிரி ஆயிடக்கூடாது. உசுரு இருக்கா, சொல்லு."

அவளுடைய தம்பி எங்கே இருக்கிறான் என்று மாலகிக்குத் தெரியும். மேயோவில் எல்லோருக்கும் தெரியும். உயிர் இருக்கும்போதே ஞானஸ்நானம் பெறாமல் செத்த பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை. கில்லீன் என்று வயல் ஓரத்தில் ஒரு முள்புதர் மேடு இருக்கும். அங்கே தகப்பன் தனியாகத் தூக்கிக்கொண்டு போய், மணி இல்லாமல் மந்திரம் இல்லாமல் புதைத்துவிட்டு வருவான். அந்த ஆத்மாவுக்கு மோட்சமும் இல்லை, நரகமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு வெறும் இடம். சபீனாவின் தாய் அந்த மேட்டைக் கடக்கும்போதெல்லாம் சால்வையால் முகத்தை மூடிக்கொள்வாள் என்று சபீனாவே ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

"இருக்கு," என்றான் மாலகி.

கால்வாய்த் தண்ணீரைக் கிண்ணத்தில் மொண்டு, கோல்மன் என்று பெயரிட்டு, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்துவின் பெயராலே ஊற்றினான். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு, "இப்பத்தான் போச்சு, சபீனா. நல்லபடியாப் போச்சு" என்றான். அவள் அழுதாள். ஆனால் அழுத அழுகையில் ஒரு நிம்மதி இருந்தது, அதை அவன் கேட்டான். பிள்ளையைக் கோயிலடியில், மந்திரித்த மண்ணில், ஒரு சின்னச் சிலுவை நட்டுப் புதைத்தார்கள்.

அதற்குப் பிறகு சபீனா இந்தக் கதையைச் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. மாலகி கை வைத்ததால் என் பிள்ளை மோட்சத்தில் இருக்கிறது என்பாள். இரண்டு வருஷம் கழித்துக் கரை சரிந்து ஃபெஸ்டஸ் மண்ணுக்குள் போனான். சாமியார் இல்லை, பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குகிற பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகும்போது எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் இல்லை. மற்ற பெண்ணாக இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும். இவள், "மேல நமக்கு ஒருத்தன் இருக்கான். அப்பனை உத்தரிக்கிற ஸ்தலத்து நெருப்புல விட்டு வைப்பானா? கையைப் புடிச்சு இழுத்துருப்பான்" என்றாள். அந்த நம்பிக்கையில்தான் எழுந்து, அடுப்பு மூட்டி, இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சோளக்கஞ்சி காய்ச்சினாள்.

மாலகி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஊரார் அவன் முதுகில் தட்டுவார்கள். முதல் வருஷம் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிப்போயிற்று. பொய்யும் மூன்று வருஷம் ஊர் வாயில் ஊறினால் நற்சான்றிதழ் ஆகிவிடுகிறது.

அடுத்த வசந்தத்தில் அவன் வாயைத் திறந்தான். சபீனா படகுக்காரர்களின் சட்டைகளை வெளுத்துப் பிழைத்துக்கொண்டிருந்த சமயம். மதகின் கீழ்ப்படியில் சட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சபீனா, ஒரு விஷயம் சொல்லணும்."

"உனக்குக் காகிதத்துலதான விஷயம் வரும். இன்னிக்கு என்னமோ வாயில வருது?"

"நீ என்னைக் கட்டிக்கிறியா?"

அவள் சட்டையை உதறினாள், மறுபடி முறுக்கினாள். "இதையும் ஒரு கடுதாசியா எழுதிக் குடுத்துருக்கலாம்ல."

"உனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே."

"நீயே வாசிச்சுக் காட்டியிருப்ப." பிறகு சிரித்தாள். "சரி. ஆனா ஃபெஸ்டஸோட குளிர்க்கோட்டை நீ போட்டுக்கணும். நல்ல கோட்டு, சும்மா தொங்குது. உனக்குக் கை மட்டும் கொஞ்சம் நீளமா இருக்கும்."

அந்த ஒரு வாரம் மாலகி படகு கொம்பு ஊதுவதற்கு முன்பே மதகைத் திறந்து வைத்தான். மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

ஆனால் காலம் குறுகல். சபீனா இருந்த வீடு கால்வாய்க் கம்பெனி வீடு, கரை வேலைக்காரனுக்கு உரியது. பனிக்காலத்துக்கு முன் காலி செய் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற வீடுகளில் ஒரு அறைக்கு எட்டுப் பேர். ஃபெஸ்டஸின் தம்பி டுபூக் பட்டணத்தில் இருந்தான். கால்வாய் உறைவதற்கு முன் கடைசிப் படகில் பிள்ளைகளோடு வந்து சேர் என்று சொல்லி அனுப்பியிருந்தான். கல்யாணம் நடந்தால் மாலகி வீடு. நடக்காவிட்டால் டுபூக்.

சாமியாரோ மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு பூசையில் வாசித்துத்தான் கட்டி வைக்க வேண்டும் என்பது முறை. எங்கள் கணக்குக்கு மூன்று ஞாயிறு என்றால் ஒன்பது மாதம். ஆகவே ஓலை வாசிப்பதைத் தள்ளி, நவம்பரில் சாமியார் வரும்போதே, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலம் தொடங்கிக் கல்யாணங்கள் நிற்பதற்குள், கட்டிவைக்க அனுமதி வேண்டும் என்று மாலகி மேற்றிராணியாருக்கு எழுதினான். ஒன்பது வருஷத்தில் தனக்காக எழுதிய முதல் கடிதம். வாத்து இறகைப் புதிதாகச் சீவிக்கொண்டான். யோக்கியதைப் பத்தியில் கை தாராளமாகவே ஓடியது. மேற்படி விதவையின் குடும்பத்துக்கு நான் அந்நியன் அல்ல, மரண அவஸ்தையில் இருந்த அவளுடைய ஆண் குழந்தைக்கு என் கையாலேயே ஞானஸ்நானம் கொடுத்தவன் என்று எழுதினான். வாசித்துப் பார்த்தான். அழகாகத்தான் இருந்தது.

பதில் செப்டம்பரில் வந்தது. படகுத் தலைவன் ஷ்டெக்கல் கொண்டுவந்து கொடுத்தான். ஜெர்மன்காரன், லுத்தர் சபை, வாய்த்துடுக்கு. "என்னப்பா, பிஷப்பே வந்து பொண்ணு பார்க்கப் போறாரா?" என்று கேட்டுவிட்டுப் போனான். மாலகி வழக்கம்போல, யாருக்கு வந்த கடிதமானாலும் சம்பந்தப்பட்டவர் முன்னால் உடைத்து வாசிக்கிற பழக்கத்தால், நேராகச் சபீனா வீட்டுக்குப் போனான். முன்கூட்டி ஒருமுறை வாசித்திருக்கலாம். வாசிக்கவில்லை.

கடிதம் மேற்றிராணியாரிடமிருந்து அல்ல. அவருக்கு அடுத்தபடியான முதன்மைக்குருவிடமிருந்து.

"அன்புள்ள மகனே, நம் ஆண்டவராகிய மேற்றிராணியார் ஜூலை மாதம் காய்ச்சலில் காலமானார் என்பதைத் துக்கத்துடன் தெரிவிக்கிறேன்," என்று மாலகி வாசித்தான். சபீனா சிலுவை போட்டுக்கொண்டாள். "உன் கடிதத்தில் நீ வெளிப்படையாகச் சொல்லியிருப்பது மெச்சத்தக்கது. ஆனால் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவனுக்கும் அதன் தாய்க்கும் ஞான உறவு உண்டாகிறது என்பதை நீ அறியாய் போலும். ஞான உறவுள்ளவர்கள் விவாகம் செய்வது திருச்சபையில் விலக்கப்பட்டது. அந்தத் தடையை நீக்கும் அதிகாரம் ரோமாபுரியிலிருந்து மேற்றிராணியாருக்குத் தரப்பட்டது. அவரோடு அது மறைந்துவிட்டது. புதியவர் நியமிக்கப்பட்டு, அவர் கைக்கு அதிகாரம் வந்து சேரும்வரை நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் ஆகலாம், கூடுதலும் ஆகலாம்."

அவன் நிறுத்தினான். அவன் கண் கீழே போய்விட்டது. கீழே இன்னும் ஒரு பத்தி இருந்தது.

*எனினும், தண்ணீர் ஊற்றியபோது குழந்தை ஏற்கெனவே இறந்திருந்தது நிச்சயமானால், அது ஞானஸ்நானமே அல்ல, உறவும் இல்லை, தடையும் இல்லை. அப்படியானால் நீங்கள் இருவரும் ஒருவர் முன்னிலையில் மற்றவர் சத்தியம் செய்தபின், சாமியார் உங்களுக்கு உடனே விவாகம் நடத்தலாம். அந்தச் சிறு உடலை மட்டும் மந்திரித்த மண்ணிலிருந்து எடுத்து வேறிடத்தில் அடக்க வேண்டியிருக்கும்.*

"அவ்ளோதானா?" என்றாள் சபீனா. "கீழ இன்னும் எழுத்து கெடக்கே."

"அது மரியாதைக்கு எழுதறது," என்றான் மாலகி. "ஆசீர்வாதம், அது இது."

"அதையும் வாசியேன். ஆசீர்வாதம்னா எனக்கு வேணாமா?"

"சர்வேசுரன் உங்கள் இருவரையும் காப்பாராக," என்று காகிதத்தில் இல்லாததை வாசித்துவிட்டு, மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

சபீனா அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். "ஏன்ப்பா, அதை ஏன் எழுதின? தண்ணி ஊத்தினேன்னு உன்னை யாரு கேட்டா?"

"யோக்கியதைக்கு எழுதினேன்."

"உன் யோக்கியதையில இடி விழ," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மாலகி அந்தக் கடிதத்தை எத்தனை தடவை பிரித்தான் என்று கணக்கில்லை. ஒரு வார்த்தை போதும். அதுவும் பொய் அல்ல, உண்மை. உண்மையைச் சொன்னால் பெண் கிடைக்கிறாள், வீடு கிடைக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிடுகிற சோறு ஏழு நாளும் கிடைக்கிறது. உலகத்தில் எவனுக்கு இவ்வளவு சுலபமான நிபந்தனை வைப்பார்கள்? சொல்லிவிடுவதென்று இரண்டு தடவை அவள் வீட்டுக்குப் போனான். முதல் தடவை அவள் பெண்பிள்ளைகளை முழங்காலில் வைத்து, "மேல இருக்கிற தம்பியே, எங்களுக்காக வேண்டிக்கொள்" என்று சொல்ல வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை அவள் ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். அப்போதும் அவனால் முடியவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னால் பிள்ளையைத் தோண்டி எடுக்க வேண்டும். பிள்ளை போனால் ஃபெஸ்டஸின் கையைப் பிடித்து இழுக்க மேலே ஆள் இல்லை. ஒரே வார்த்தையில் இரண்டு பேரை அவளிடமிருந்து பறிக்க வேண்டும். பிறகு எந்த முகத்தோடு ஃபெஸ்டஸின் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொள்வது?

முதன்மைக்குருவுக்கு மறுபடி எழுதினான். இன்னொரு முறையும் எழுதினான். யோக்கியதைப் பத்தி இல்லாமல், வெறும் கெஞ்சலாக. பதில் இல்லை. ஷ்டெக்கல் ஒவ்வொரு தடவையும் கையை விரித்துக் காட்டினான்.

"அட, பக்கத்து டவுனுக்குப் போங்கப்பா. நீதிபதி கால் மணி நேரத்துல கட்டி வெச்சுடுவாரு," என்றான் அவன்.

சபீனாவிடம் மாலகி அதைச் சொல்லிப் பார்த்தான். "அது கல்யாணமா, மாடு விக்கிறதா?" என்றாள். அத்தோடு முடிந்தது.

நவம்பரில் கெர்மோல் சாமியார் வந்தார். பிரெத்தோன் நாட்டுக்காரர், நல்ல உயரம், குதிரையைவிட அவர்தான் களைத்திருந்தார். எங்கள் பேச்சை ஒன்பது வருஷமாகக் கற்றுக்கொண்டு இன்னும் கரையேறாதவர். எல்லோரையும் 'நீ வந்தான், நீ போனான்' என்றுதான் பேசுவார். பிள்ளைகள் அவரைப் போலவே பேசி விளையாடுவார்கள். பூசை முடிந்ததும் மாலகியையும் சபீனாவையும் நிறுத்திக்கொண்டார். அங்கி உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். முதன்மைக்குரு அவருக்கும் எழுதியிருந்தார். மாலகி அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. ஊரில் எழுத்துத் தெரிந்தவன் தான் ஒருவனே என்று இருந்துவிட்ட மனுஷன்.

"ஒரு கேள்வி கேட்க வேண்டும்," என்றார் சாமியார். "சத்தியத்தின் மேல். தண்ணீர் ஊற்றும்போது, அந்தக் குழந்தை உயிரா, செத்ததா?"

"உயிரு, சாமி. ஊருக்கே தெரியுமே," என்றாள் சபீனா.

"செத்தது என்றால் உறவு இல்லை. நாளைக் காலை நான் கல்யாணம் செய்வான். உயிர் என்றால்," அவர் கையை அகல விரித்தார், "நான் முடியாது. மகளே, உனக்கு இந்தக் கடிதம் வாசித்தான் இல்லையா?"

சபீனா மாலகியைத் திரும்பிப் பார்த்தாள். "அது காகிதத்துல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"மரியாதைக்கு எழுதறதுன்னு சொன்னியே."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் முகம் வெளுத்துப் போயிற்று. யாரும் அவளுக்குச் சொல்லாத ஒன்று அந்த இடத்தில் நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "செத்துதான் பொறந்துச்சுன்னா, சாமி, இப்ப அது எங்க இருக்கும்?" என்று கேட்டாள்.

சாமியார் கோயிலடியைச் சன்னல் வழியாகப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். அதுவே பதிலாக இருந்தது.

"நான் காய்ச்சல்ல கெடந்தேன்," என்றாள் சபீனா. குரல் தேய்ந்து போயிருந்தது. "கண்ணைத் தொறக்கல. எனக்கு ஒண்ணும் தெரியாது. பாத்தவன் இவன்தான். இவனையே கேளுங்க."

சாமியார் சுவிசேஷப் புத்தகத்தை நீட்டினார். மாலகி கையை வைத்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டு, இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் எதைக் கேட்க விரும்பினாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவளுக்கே தெரிந்திருக்காது. எட்டு வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பெண்பிள்ளைகள், எதிரே பனிக்காலம். கல்யாணம் அவளுக்கும்தான் வேண்டியிருந்தது.

"சொல்லு மகனே," என்றார் சாமியார். "மெதுவாக யோசித்துச் சொல்லு. சின்னக் குழந்தை. உனக்கு டாக்டர் படிப்பு இல்லை. தப்பாக நினைத்தான் என்றாலும் பாவம் இல்லை." பாவம் மனுஷன், தன்னால் முடிந்த அளவு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"உசுரு இருந்துச்சு, சாமி," என்றான் மாலகி. "மூச்சு வந்துச்சு. நான் பாத்தேன்."

சாமியார் புத்தகத்தை மூடினார். சபீனா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். எதற்கு அழுதாள் என்று கேட்டால் மாலகியும் சாமியாரும் வேறு வேறு பதில் சொல்லியிருப்பார்கள். அவள் என்ன சொல்லியிருப்பாளோ.

கடைசிப் படகு நவம்பர் இருபத்தாறாம் தேதி வந்தது. ஓரத்துத் தண்ணீரில் அதற்குள் கண்ணாடி போல ஏடு கட்டியிருந்தது. மாலகிதான் மதகைத் திறக்க வேண்டும். அவன் திறந்தால்தான் அவள் போக முடியும். படகு உள்ளே வந்து, தண்ணீர் இறங்கும்வரை கால் மணி நேரம் இருந்தது. சபீனா படகின் விளிம்பில் நின்றாள். அவன் மேலே கரையில். தண்ணீர் இறங்க இறங்க அவள் கீழே போய்க்கொண்டிருந்தாள்.

"ரோமாபுரியிலேர்ந்து காகிதம் வந்ததும் எழுதறேன்," என்றான்.

"எழுது."

"காத்திருப்பியா?"

"அதைக் கேட்காத மாலகி. ரெண்டு வயிறு இருக்கு. கொழுந்தன் வீட்டுச் சோறு எத்தனை நாளைக்கு?" பிறகு தலையை நிமிர்த்திப் பார்த்தாள். "அன்னிக்கு நீ வேற மாதிரி சொல்லியிருந்தா, நான் உன்னைக் கட்டிக்கிட்டுத்தான் இருப்பேன். வேற வழியில்ல. ஆனா ஒரே வீட்டுல இருந்துக்கிட்டே சாகுற வரைக்கும் உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்."

"தெரியும்," என்றான் அவன்.

ஷ்டெக்கல்கூட அன்று தொப்பியைக் கழற்றிக்கொண்டான். மாலகி கீழ்க்கதவைத் தள்ளித் திறந்தான். படகு போயிற்று.

ரோமாபுரியின் அதிகாரம் புதிய மேற்றிராணியார் கைக்கு வந்து, அங்கிருந்து பதினேழாம் மதகுக்கு வந்து சேரப் பதினான்கு மாதம் ஆயிற்று. லத்தீனில் இரண்டே வரி. மாலகி ஞான உறவைப் பொருட்படுத்தாமல் விதவை சபீனாவை மணக்கலாம். கீழே முத்திரை. அவன் அன்றே டுபூக்குக்கு எழுதினான். தவக்காலத் தொடக்கத்தில் பதில் வந்தது, வேறு யாரோ எழுதிய எழுத்தில். மனைவியை இழந்த, ஈயச் சுரங்கத்தில் வேலை பார்க்கிற ஒருவரைப் போன வருஷம் பிப்ரவரியிலேயே சபீனா கட்டிக்கொண்டாள். மனுஷன் குடிப்பதில்லை. பெண்பிள்ளைகள் சுகம். "என் மகன் கோல்மன் அங்கே தனியாக இருக்கிறான். நீ பக்கத்தில் இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் நான் இங்கே இருக்கிறேன். உனக்காகவும் வேண்டிக்கொள்ளும்படி அவனிடம் தினமும் சொல்கிறேன்," என்று முடித்திருந்தாள்.

அந்தத் தவக்காலத்தில் கெர்மோல் சாமியார் வந்தபோது மாலகி பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். பலகைக் கோயிலின் மூலையில் ஒரு நாற்காலி, நடுவில் ஒரு துணி. பின்னால் வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். அவன் மண்டியிட்டு, வேதப் புத்தகத்தின் மேல் பொய்ச் சத்தியம் செய்தேன் என்றான். எந்தச் சத்தியம் என்று சாமியார் கேட்கவில்லை. துணிக்கு அந்தப் பக்கம் நாற்காலி மட்டும் முனகியது.

"செய்த பாவத்துக்கு மனஸ்தாபம், மனவருத்தம், உண்டா மகனே?"

"அவ போனதுக்கு உண்டு சாமி. பொய் சொன்னதுக்கு இல்ல. வரவழைச்சுப் பாத்தேன், வரல."

"மனஸ்தாபம் இல்லாமல் நான் பாவம் மன்னிக்க முடியாது. உனக்குத் தெரிந்தான்."

"தெரியும் சாமி. மன்னிப்புக்கு நான் வரல. அன்னிக்கு அவ கேட்டாளே, அதைக் கேட்க வந்தேன். இப்பவாவது சொல்லுங்க. அந்தப் புள்ள எங்க இருக்கு?"

வரிசையில் யாரோ இருமினார்கள். சாமியார் எட்டு வருஷம் குருமடத்தில் படித்தவர், இந்தக் கேள்விக்கு லத்தீனில் நாலு விதமான விடை அவருக்கு மனப்பாடம். "எனக்குத் தெரியவில்லை, மாலகி," என்றார். பிறகு, "நீ அவளுக்கு எழுதினான்?"

"இன்னிக்குத்தான் எழுதணும்."

"என்ன எழுதுவான்?"

"கோல்மன் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிச்சாச்சுன்னு எழுதுவேன் சாமி," என்றான் மாலகி. எழுந்து, பாவமன்னிப்பு இல்லாமலே, வரிசையைத் தாண்டி வெளியே போனான்.